வெப்பமானிக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி? தீவகத்தை வைத்து ஒரு பாடம்



ஆனி மாதம் வந்தால் நமது தோட்டங்களிலிருந்தும் சில குடும்பங்கள் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் புறப்படுகின்றன. போய் வந்தவர்கள் அம்மனின் அருளைச் சொன்ன கையோடு அங்கத்தை வெயிலையும் சொல்லாமல் விடுவதில்லை. தீவுகளில் உள்ள முதியவர்களைக் கேட்டால், "முந்தி இப்பிடி வெக்கை இருக்கேல்லை" என்கிறார்கள். நமது லயத்துப் பெரியவர்களும், "அந்தக் காலத்துல பெரட்டுக்குப் போறப்ப பல்லு கிட்டிப் போகும், இப்ப கம்பளியே வேண்டியதில்ல" என்கிறார்கள்.

இந்தப் பேச்சு உண்மைதானா? அல்லது வயதானால் எல்லோருக்கும் பழைய காலம் நல்ல காலமாகத் தெரிகிறதா? இதை வாய்ப்பேச்சால் தீர்க்க முடியாது. அந்தக் காலத்தில் வெப்பமானியைப் பார்த்து எழுதி வைத்த பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பதிவேட்டில் உள்ள இலக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் முடியாது, அதை எப்படிச் சீர்செய்கிறார்கள், அப்படிச் சீர்செய்வது நியாயமா என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்தப் பாடத்தில் விடை காண்போம்.

தீவகம் எப்படிப்பட்ட இடம்?

போகாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் கடலுக்குள் பல தீவுகள் உள்ளன. ஊர்காவற்றுறை இருக்கும் வேலணைத் தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, எல்லாவற்றுக்கும் தூரத்தில் நெடுந்தீவு. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் கடலின் மேல் போட்ட தெருவழியாக பஸ்ஸில் போகலாம். அதற்கப்பால் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான்.

நமது மலையைப் போல் அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நிலம் கடல் மட்டத்துக்குச் சில மீற்றர் மேலே தட்டையாகக் கிடக்கும். பனை மரங்களும் சுண்ணாம்புக் கல்லும்தான் எங்கும். நெடுந்தீவில் வேலிகளைக் கூட முருகைக்கல்லை அடுக்கித்தான் கட்டியிருக்கிறார்கள். ஆறு, ஓடை எதுவும் கிடையாது. மழைக்காலத்தில் பெய்யும் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, அடியிலே உள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக நிற்கும். அதுதான் கிணற்று நல்ல தண்ணீர். வெயில் கூடி, மழை பிந்தி, இறைப்பும் அதிகமானால் கிணற்றில் உவர் ஏறிவிடும். ஆகவே வெப்பம் எவ்வளவு கூடியிருக்கிறது என்ற கேள்வி தீவக மக்களுக்குக் குடிதண்ணீர்க் கேள்வி. நமக்கு அது கொழுந்துக் கேள்வி. இரண்டுமே வயிற்றோடு சம்பந்தப்பட்டவை.

தீவகத்தைப் பாடத்துக்கு எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பக்கத்தில் நீண்டகால வெப்பநிலைக் கணக்கு உள்ள நிலையங்கள் யாழ்ப்பாணமும் மன்னாரும். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பாம்பனும் நாகப்பட்டினமும். தீவுகள் இவற்றுக்கு நடுவே கிடக்கின்றன. நடுவில் உள்ள தீவின் கதையைச் சுற்றியுள்ள நிலையங்களைக் கொண்டுதான் அறிய வேண்டும். அந்த நிலையங்களில் ஒன்றான யாழ்ப்பாணத்தின் கணக்கில், யுத்த காலத்தில் நீண்ட இடைவெளிகள் விழுந்துவிட்டன. இப்படி ஓட்டை விழுந்த கணக்கை எப்படிப் படிப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வெப்பநிலையை எப்படி அளக்கிறார்கள்?

நமது நாட்டில் இந்த வேலையைச் செய்வது வளிமண்டலவியல் திணைக்களம். கொழும்பில் வானிலை அவதான நிலையம் 1907இல் கட்டப்பட்டது. அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பல ஊர்களில் அளவெடுத்து வந்தார்கள்.

வானிலை நிலையத்தில் வெள்ளைச் சாயம் பூசிய ஒரு மரப்பெட்டி காலில் நிற்கும். பக்கங்களில் சன்னல் சட்டம் போலச் சாய்வான பலகைகள் இருக்கும். காற்று உள்ளே போய் வரும், வெயில் நேரே படாது. இதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். ஸ்கொட்லாந்தில் வெளிச்சவீடுகள் கட்டிய பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன் 1864இல் இதை அறிமுகப்படுத்தினார். உள்ளே இரண்டு முக்கியமான வெப்பமானிகள் இருக்கும். ஒன்று அன்றைய மிகக் கூடிய சூட்டைக் காட்டி நிற்கும். மற்றது மிகக் குறைந்த சூட்டைக் காட்டி நிற்கும். பார்த்து எழுதியபின் இரண்டையும் பழைய நிலைக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

கேட்பதற்குச் சுலபமான வேலைதான். நூறு வருசத்துக்கு ஒரே இடத்தில், ஒரே பெட்டியில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி வெப்பமானியில் பார்த்திருந்தால் பிரச்சினையே இல்லை. உலகத்தில் அப்படி ஒரு நிலையத்தைக் காண்பது அரிது.

கணக்கு எங்கே கெடுகிறது?

முதலாவது, இடம் மாறுவது. மலையில் 1000 மீற்றர் உயரம் ஏறினால் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குளிரும். அப்படியென்றால் மேற்கணக்கில் இருந்த வெப்பமானியை 100 மீற்றர் கீழே உள்ள கீழ்க்கணக்குக்கு மாற்றினாலே 0.65 பாகை கூடிக் காட்டும். தட்டையான தீவில் உயரத்தால் மாற்றம் வராது. ஆனால் கடற்காற்று படும் கரையிலிருந்து ஊருக்குள்ளே மாற்றினால், பனங்கூடல் ஓரத்திலிருந்து தார் ரோட்டு ஓரத்துக்கு மாற்றினால், அங்கேயும் இலக்கம் மாறும்.

இரண்டாவது, சுற்றாடல் மாறுவது. வெப்பமானி அங்கேயேதான் நிற்கும். அதைச் சுற்றிக் கட்டடமும் கொங்கிறீற்றும் தாரும் வந்துவிடும். பட்டினத்து நிலையங்களில் இது பெரிய விசயம்.

மூன்றாவது, பார்க்கும் நேரம் மாறுவது. பிற்பகல் நல்ல சூட்டில் பார்த்து வெப்பமானியைத் திருப்பி வைத்தால், அந்த நேரத்துச் சூடே அடுத்த நாள் கணக்கின் தொடக்கமாகிவிடும். மறுநாள் மழை பெய்து குளிர்ந்திருந்தாலும் நேற்றைய சூடுதான் கூடிய அளவாக நிற்கும். ஒரே வெயில் இரண்டு தரம் பதிவாகிவிடுகிறது. இலங்கையில் நாள் கணக்கைக் காலை 8.30க்கு முடிக்கிறார்கள். அமெரிக்காவில் மாலையில் பார்த்து வந்த பல நிலையங்கள் காலைக்கு மாறியபோது, உண்மையில் குளிராமலே கணக்கு குளிர்ந்ததாகக் காட்டியது.

நான்காவது, கருவி மாறுவது. கண்ணாடி வெப்பமானி போய் மின் வெப்பமானி வருகிறது. பெட்டியும் மாறுகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் பாரன்ஹீட்டில் எழுதிய இலக்கங்களைச் செல்சியசுக்கு மாற்றுவதும் ஒரு சீர்செய்தல்தான். 82 என்று எழுதியிருந்ததை 27.8 என்று மாற்றினால் யாரும் மோசடி என்று சொல்வதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், கணக்கும் எல்லோருக்கும் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐந்தாவது, கணக்கு நின்று போவது. வருத்தம், வெள்ளம், யுத்தம் என்று எத்தனையோ காரணம் வரலாம்.

ஓலைக் கொட்டகையின் கதை

இது நமது நாட்டிலேயே நடந்தது. ஸ்டீவன்சன் பெட்டி எல்லா இடத்துக்கும் வருமுன், இலங்கை, இந்தியா போன்ற சூடான நாடுகளில் வெப்பமானிகளை ஓலை அல்லது வைக்கோல் வேய்ந்த திறந்த கொட்டகைகளில் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே கூரை இருப்பதால் வெயில் நேரே படாது. பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று வரும். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தார்கள். ஆனால் பக்கத்து நிலம் சூடேறினால் அந்தச் சூடு திறந்த பக்கத்தால் உள்ளே வரும்.

இரண்டு ஏற்பாடும் ஒன்றுபோலக் காட்டுமா என்பதைப் பார்த்தவர்களில் கொழும்பு அவதான நிலையத்தைச் சேர்ந்த ஏ. ஜே. பாம்ஃபோர்ட் ஒருவர். இலங்கையில் வெப்பமானிகள் வைக்கப்பட்டிருந்த விதத்தைப் பற்றி 1928இல் ஒரு கட்டுரை எழுதினார். பல வருசம் கழித்து 1994இல் பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் பார்க்கர் உலகம் முழுவதும் இப்படிச் செய்த ஒப்பீடுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார். வெப்பவலய நாடுகளின் கொட்டகைகள் சுமார் 0.2 பாகை கூட்டிக் காட்டியிருக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு.

0.2 பாகை என்பது கைக்குத் தெரியாத அளவு. காய்ச்சலுக்குக் கூட அதைப் பார்க்க மாட்டோம். ஆனால் நூறு வருசத்தில் ஒரு பாகை அளவான மாற்றத்தைத் தேடும்போது 0.2 என்பது ஐந்தில் ஒரு பங்கு. கொழுந்துத் தராசில் ஐந்தில் ஒரு பங்கு பிசகினால் நாம் பேசாமல் இருப்போமா?

பக்கத்து நிரையைப் பார்ப்பது

எந்த நாளில் எது மாறியது என்று பதிவேட்டில் எழுதியிருந்தால் வேலை சுலபம். எழுதாமல் விட்டிருந்தால் என்ன செய்வது? இதற்கு ஆய்வாளர்கள் செய்யும் முறை கொழுந்து எடுக்கும் நமது தாய்மாருக்கு உடனே விளங்கும்.

ஒரே மலையில் மூன்று பேர் பக்கத்துப் பக்கத்து நிரையில் எடுக்கிறார்கள் என்று வைப்போம். மழை வந்தால் மூன்று பேருக்கும் கூடும். வரட்சி வந்தால் மூன்று பேருக்கும் குறையும். ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் அநேகமாக ஒரே அளவில் இருக்கும். ஒரு நாள் முதல் ஒருவருடைய நிறுவை மட்டும் திடீரென்று 2 கிலோ குறைந்து, அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படியே நின்றால் என்ன நினைப்போம்? மலையில் கோளாறு என்று சொல்ல மாட்டோம். மலையில் கோளாறு என்றால் மற்ற இருவருக்கும் குறைந்திருக்க வேண்டும். அவருக்குத் தராசு மாறியிருக்கிறது என்றோ, அவருடைய நிரை மாறியிருக்கிறது என்றோ தேடுவோம்.

வெப்பமானிக்கும் இதே முறைதான். கீழே உள்ள இலக்கங்கள் பாடத்துக்காக நாம் எழுதியவை, உண்மையான பதிவு அல்ல.

தீவு நிலையம்: முதல் 5 வருடச் சராசரி 27.6, அடுத்த 5 வருடச் சராசரி 28.4.
வடக்கு நிலையம்: முதல் 5 வருடம் 27.3, அடுத்த 5 வருடம் 27.5.
தெற்கு நிலையம்: முதல் 5 வருடம் 27.4, அடுத்த 5 வருடம் 27.6.

தீவு நிலையத்தை மட்டும் பார்த்தால் 0.8 பாகை ஏறியிருக்கிறது. ஐயோ, பத்து வருசத்துக்குள் இவ்வளவா என்று பதறுவோம். இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். முதலில் தீவுக்கும் வடக்குக்கும் வித்தியாசம் 0.3. பிறகு 0.9. தீவுக்கும் தெற்குக்கும் முதலில் 0.2. பிறகு 0.8. இரண்டிலும் 0.6 கூடியிருக்கிறது. வடக்குக்கும் தெற்குக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு காலத்திலும் 0.1 தான், அதில் மாற்றமே இல்லை. ஆகவே மாறியது தீவு நிலையம்தான். போய் விசாரித்தால் பெட்டியை இறங்குதுறைக்குப் பக்கத்தில் தார் ரோட்டோரம் மாற்றி வைத்தது தெரிய வருகிறது.

இனி அந்த 0.6ஐச் சரிசெய்ய வேண்டும். இன்று எடுக்கும் அளவோடு ஒத்துப் போவதற்காகப் பழைய இலக்கங்களைத்தான் வழக்கமாக மாற்றுவார்கள். பழைய 27.6 இனி 28.2 ஆகும். 28.2இலிருந்து 28.4 வரை ஏற்றம் 0.2. பக்கத்து இரண்டு நிலையங்களிலும் அதே 0.2 தான். இந்த உதாரணத்தில் சீர்செய்ததால் வெப்ப ஏற்றம் குறைந்தது என்பதைக் கவனியுங்கள்.

நூற்றுக்கணக்கான நிலையங்களை இப்படிச் சோடி சோடியாக ஒப்பிடும் வேலையை இன்று கம்பியூட்டர் செய்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் மென், வில்லியம்ஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட முறை அவற்றில் பெயர்பெற்றது. காற்றுக்கு நாட்டு எல்லை கிடையாது. ஆகவே யாழ்ப்பாணக் கணக்கைச் சோதிக்க மன்னாரோடு பாம்பனையும் நாகப்பட்டினத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

யுத்தம் விட்ட ஓட்டை

1990களின் தொடக்கத்தில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் வலிகாமம் மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் இடம்பெயர்ந்தார்கள். இப்படிப்பட்ட காலத்தில் காலை 8.30க்கு வெப்பமானி பார்ப்பது ஒழுங்காக நடக்க முடியாது. யாழ்ப்பாணக் கணக்கில் விழுந்த இடைவெளிகள் அந்தக் காலத்தின் அடையாளம்.

இந்த ஓட்டை நாட்டுக் கணக்கையே கெடுக்கக் கூடியது. எப்படி என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தின் வருடச் சராசரி சுமார் 28 பாகை. நுவரெலியாவில் சுமார் 16 பாகை. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் 22. யாழ்ப்பாணக் கணக்கு வராத வருசத்தில் நுவரெலியா மட்டும் நிற்கும், சராசரி 16. நாடு 6 பாகை குளிர்ந்துவிட்டதா? ஒரு பாகை கூடக் குளிரவில்லை. சூடான ஊர் ஒன்று கணக்கிலிருந்து விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்காக ஆய்வாளர்கள் இலக்கத்தை அப்படியே கூட்டுவதில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நீண்ட காலத்துச் சராசரியை எடுத்து, அந்த வருசம் அதைவிட எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பார்க்கிறார்கள். பிள்ளைக் காம்பராவில் நிறுவை அட்டை வைத்திருக்கிறோமே, அதுபோலத்தான். பெரிய பிள்ளையையும் கைக்குழந்தையையும் ஒரே தராசில் ஒப்பிட மாட்டோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் முந்திய நிறைக்கு மேலே ஏறியதா, இறங்கியதா என்றுதான் பார்ப்போம். இப்படிச் செய்தால் நுவரெலியாவையும் யாழ்ப்பாணத்தையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியும். ஒரு நிலையம் சில வருசம் காணாமல் போனாலும் நாட்டுச் சராசரி குப்புற விழாது. இடைவெளிக்கு முன்னிருந்த கணக்கையும் பின்வந்த கணக்கையும், நிற்காமல் ஓடிய பக்கத்து நிலையங்களின் துணையோடு பொருத்திப் பார்க்கலாம்.

இலக்கத்தை மாற்றுவது மோசடியா?

"எழுதியதை மாற்றினால் அது கள்ளக் கணக்குத்தானே?" என்று சிலர் கேட்பார்கள். இந்தச் சந்தேகத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. கொழுந்து மடுவத்தில் நிற்கும் தாய்மாருக்குக் கழிவு என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று நிறுவையில் வெட்டுகிறார்கள். சாக்குக்கு நிறை உண்டு, ஈரக் கொழுந்து கூட நிறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெயில் நாளிலும் ஈரத்துக்கு வெட்டினால், எவ்வளவு வெட்டினோம் என்று துண்டில் எழுதாவிட்டால், கேட்டவருக்கு விளக்கம் சொல்லாவிட்டால், அது சீர்செய்தல் ஆகாது. ஒரு கிலோ குறைந்ததற்காக முழுப்பேர் அரைப்பேர் ஆகும்போது அந்த வலி யாருக்கு என்று நமக்குத் தெரியும்.

ஆகவே மாற்றிய எந்தக் கணக்கையும் மூன்று கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டும். முதலில் எழுதிய இலக்கம் அழிக்கப்படாமல் இருக்கிறதா? மாற்றியதற்குக் காரணமும் அளவும் எழுதப்பட்டிருக்கிறதா? வேறொருவர் அதே முறையில் செய்தால் அதே விடை வருமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது சீர்செய்தல். ஒன்றுக்காவது இல்லை என்றால் சந்தேகப்பட நமக்கு உரிமை உண்டு.

வெப்பநிலைக் கணக்கு இந்தச் சோதனையில் தேறியதா? பார்ப்போம். உலக நிலையங்களின் சீர்செய்யாத இலக்கங்களும் சீர்செய்த இலக்கங்களும் இரண்டுமே யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் முல்லர் இந்தக் கணக்கில் சந்தேகம் கொண்டவர்களில் ஒருவர். 2010இல் பெர்க்லி ஏர்த் என்ற குழுவைத் தொடங்கி, எல்லாவற்றையும் வேறு முறையில் புதிதாகக் கணக்கிட்டார். மற்றவர்கள் கண்ட வெப்ப ஏற்றமே அவருக்கும் கிடைத்தது. 2012இல் அதைப் பகிரங்கமாக எழுதினார்.

அமெரிக்காவில் இன்னொரு சோதனையும் நடந்தது. கட்டடம், தார் எதுவும் அண்டாத இடங்களாகத் தெரிந்து, நல்ல கருவிகளோடு 100க்கு மேற்பட்ட புதிய நிலையங்களை அமைத்தார்கள். அவற்றுக்குச் சீர்செய்யும் தேவையே இல்லை. பழைய நிலையங்களின் கணக்கை இவற்றோடு ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. சீர்செய்யாத கணக்கைவிடச் சீர்செய்த கணக்கே புதிய நிலையங்களின் அளவுக்குக் கிட்டவாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீர்செய்வது எப்போதும் வெப்ப ஏற்றத்தைக் கூட்டிக் காட்டத்தான் என்று நினைப்பவர்கள் கடலைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் கப்பல்களில் கன்வஸ் வாளியால் கடல் தண்ணீரை அள்ளி அதில் வெப்பமானியை வைத்தார்கள். மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானை கசிந்து, கசிந்த ஈரம் ஆவியாகிப் போவதால். நனைந்த கன்வஸ் வாளியும் அப்படித்தான், மேல் தட்டுக்கு வந்து சேருமுன் தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்துவிடும். ஆகவே பழைய கடல் அளவுகள் உண்மையைவிடக் குறைந்திருந்தன. அவற்றைக் கூட்டித்தான் சரிசெய்தார்கள். பழைய அளவு கூடினால் இன்றுவரை ஏறிய அளவு குறையும். பூமியில் கடலே பெரும்பகுதி. ஆகவே நிலம், கடல் எல்லாச் சீர்செய்தலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், உலகம் வெப்பமான அளவு சீர்செய்யாத கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே வருகிறது. கள்ளக் கணக்கு எழுதுகிறவர் தனக்கு எதிராக எழுத மாட்டார் அல்லவா?

கணக்கு என்ன சொல்கிறது?

2011 முதல் 2020 வரையான பத்து வருடங்கள், 1850 முதல் 1900 வரையான காலத்தைவிடச் சுமார் 1.1 பாகை கூடிய வெப்பமுடையவை என்று ஐக்கிய நாடுகளின் காலநிலை ஆய்வுக் குழு 2021இல் அறிவித்தது. இலங்கையில் 1961 முதல் 1990 வரை வருடத்துக்கு 0.016 பாகை வீதம் கூடியதாக நமது நாட்டு ஆய்வு சொல்கிறது. 30 வருசத்துக்குக் கணக்குப் பாருங்கள், 0.48 பாகை. அதாவது ஏறக்குறைய அரைப் பாகை. மேலே சொன்னபடி ஒரு வெப்பமானியை 100 மீற்றர் கீழே இறக்கினால் 0.65 பாகை கூடும். ஒரு பெட்டியை மாற்றிய விசயத்தைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டால் முப்பது வருசத்து உண்மையையே அது மூடிவிடும். இவ்வளவு கவனமாகச் சீர்செய்வதற்குக் காரணம் இதுதான்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். முதியவர்கள் சொன்னது வெறும் நினைப்பு அல்ல. வெப்பம் கூடித்தான் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தோன்றும் அளவுக்குப் பாகைக் கணக்கில் பெரிய இலக்கம் அல்ல. சிறிய இலக்கம்தான், விளைவுதான் சிறியது அல்ல. கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியாகச் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. சில மீற்றர் உயரமே உள்ள தீவில், உவரின் மேல் மிதக்கும் நல்ல தண்ணீருக்கு இது மேலும் நெருக்கடி. நமது பக்கத்தில் தேயிலை அளவான குளிர்ச்சியை விரும்பும் செடி. ஏற்கெனவே சூடாக உள்ள தாழ்ந்த பகுதித் தோட்டங்களில் வெப்பம் மேலும் கூடி வரட்சியும் சேர்ந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் பேர் குறையும்.

நாம் செய்யக் கூடியது

பல தோட்டங்களில் ஆபீசுக்குப் பக்கத்தில் மழைமானி இருக்கிறது. சில இடங்களில் வெப்பமானியும் உண்டு. பள்ளிக்கூடங்களிலும் வைத்திருக்கிறார்கள். அளவெடுப்பவர்களும் உதவி செய்யும் பிள்ளைகளும் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பாருங்கள். பிந்தினால் பிந்திய நேரத்தை எழுதுங்கள்.

2. பார்க்க முடியாத நாளில் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். நேற்றையதைப் பார்த்து எழுத வேண்டாம். வெறும் கட்டத்தை ஆய்வாளர் சமாளிப்பார். கற்பனை இலக்கத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம்.

3. கருவியை இடம் மாற்றினால், புதுக் கருவி வைத்தால், பக்கத்து மரத்தை வெட்டினால், புதுக் கட்டடம் எழும்பினால், திகதி போட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் சில மாதம் பழையதையும் புதியதையும் ஒன்றாக வைத்து இரண்டையும் பாருங்கள்.

4. பிழையாக எழுதியதை அழிக்க வேண்டாம். ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். கீழே இருப்பதும் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

5. பழைய பதிவேடுகளைக் கறையானுக்கும் அடுப்புக்கும் கொடுக்க வேண்டாம். நாற்பது வருசத்துக்கு முந்திய கொப்பியைப் போல இன்னொன்றை இனி யாராலும் எழுத முடியாது.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

அ) மலை நிலையம் ஒன்றின் சராசரி முதல் 10 வருடத்தில் 16.2, அடுத்த 10 வருடத்தில் 15.8. பக்கத்தில் உள்ள இரண்டு நிலையங்களும் அதே காலத்தில் 0.2 பாகை கூடியிருக்கின்றன. மலை நிலையத்தில் எத்தனை பாகை பிசகு? அந்த நிலையம் மேலே மாற்றப்பட்டிருக்குமா, கீழே மாற்றப்பட்டிருக்குமா?

ஆ) 100 மீற்றருக்கு 0.65 பாகை என்று வைத்தால், அது சுமார் எத்தனை மீற்றர் மாற்றப்பட்டிருக்கலாம்?

இ) உங்கள் வீட்டில் கொழுந்துத் துண்டுகள் இருந்தால் ஒரு மாதத்துத் துண்டுகளை எடுத்துப் பாருங்கள். கழிவு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் அதற்கும் கேட்டு, விடையை அம்மாவோடு பேசிப் பாருங்கள்.

விடைகளை ஒரு தாளில் எழுதித் தோட்டத்து நலன்புரி அலுவலரிடம் கொடுங்கள். சரியான விடைகளை அடுத்த இதழில் தருவோம்.